நூற்று ஆறில் வரும் குரல்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்,
ஜூன் 3, 2025

அன்புள்ள ஷீனா அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது உன் குரலுக்குப் பின்னால் கர்ரென்று ஓர் இரைச்சல் இருந்தது. நீ பேசி முடிக்கும்வரை அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அம்மா உன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்த இரைச்சலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது ரேடியோதானே?

ஸ்தோத்திரம் சொல்லாமலே தொடங்கிவிட்டேன். ஸ்தோத்திரம் அக்கா. நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பாறசாலையில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணூரிலும் மழைதானா?

நீ ஹோம் நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து உன்னிடம் தனியாகப் பேச முடியவில்லை. உன் போனை ஏஜென்சிக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்சியில் இருக்கும் ரெம்யா சேச்சியின் போனில், அதுவும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் உன் குரல். எனக்குத்தான் போனில் பேச வராதே. என் முறை வந்து நான் ‘ம்’ என்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. கடிதம் எழுதி ஏஜென்சி ஆபீஸில் கொடுத்தால், வீடுகளைப் பார்க்கப் போகும்போது கொண்டுவந்து தருவதாக ரெம்யா சேச்சி சொன்னார். எனக்கு அதுதான் சௌகரியம்.

நான் தளவாய் அண்ணாச்சியின் ரிப்பேர் கடையில்தான் இருக்கிறேன். அவர்கள் வீட்டு மாடியில் படுக்கை, ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம். பிளஸ் ஒன்னில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லி, வகுப்பு முழுவதும் சிரித்த அன்றோடு என் படிப்பு முடிந்தது. இங்கே பின்பக்கத்து மேஜையில் உட்கார்ந்தால் யாரும் எதுவும் வாசிக்கச் சொல்வதில்லை. ஆம்பிளிஃபயர், ஹோம் தியேட்டர், புளூடூத் பெட்டி என்று நிறைய வருகிறது. வந்தவர் அண்ணாச்சியிடம் பேசுவார், அண்ணாச்சி என்னிடம் பேசுவார், நான் செட்டோடு மல்லுக்கட்டுவேன். “நல்ல ஏற்பாடு. செட்டு எதிர்த்துப் பேசாது” என்கிறார் அண்ணாச்சி.

அந்த ரேடியோ என்ன கம்பெனி? வால்யூமைக் குறைத்தால் இரைச்சலும் குறைகிறதா? எழுது. சரிசெய்ய வழி சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
ஜிஜி

*

ஜூன் 20

என் ஜிஜி குட்டிக்கு அக்காவின் ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் சுகம். அம்மாவும் நீயும் சுகம் என்று அறிந்து சந்தோஷம்.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. உன் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ரெம்யா சேச்சி சொன்னார். அவர் களியக்காவிளையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவராம். அதனால் நீ நிதானமாக, அழகாகவே எழுது. என் பதிலை ஒட்டாமல் கொடுத்தால் போதும், தானே ஒட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ கேட்டது ரேடியோ சத்தம்தான். நான் பார்த்துக்கொள்வது ஒரு பெரியவரை. அப்பச்சன் என்று கூப்பிடுகிறேன். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. ரேடியோ நின்றால் இடது கையால் கட்டில் கம்பியில் தட்டுவார். நான் போட்டுக் கொடுக்கும்வரை தட்டிக்கொண்டே இருப்பார். அவருடைய மருமகளைக் கொச்சம்மா என்று கூப்பிட வேண்டும். சாப்பாடு வேளைக்கு வருகிறது.

செட்டில் கம்பெனிப் பெயர் தேய்ந்துவிட்டது. செங்கல்லை நிமிர்த்தி வைத்த அளவு இருக்கும். ஏரியல் பாதியில் ஒடிந்திருக்கிறது. வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்கிறது. குறைத்தால் இரைச்சலும் கூடவே குறைகிறது.

வேறு விசேஷம் இல்லை. அம்மாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அன்பு அக்கா,
ஷீனா

*

ஆரியசாலை,
ஜூன் 23

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். அம்மா ஒத்தடம் கொடுக்கிறாள், நான் போகும் ஞாயிறுகளில் மட்டும்.

வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் குறைகிறது என்றால் நல்லது. செட்டின் கரண்டுப் பகுதி கெடவில்லை. இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது. எங்கிருந்து என்று கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் கடையில் செய்வது ஒன்றுதான்: ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். நீயும் அப்படியே செய்.

முதலில், செட்டைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் அந்த அறை பிளக்கில் போட்டுப் பார். அங்கேயும் வருகிறதா? அடுத்து, ஒடிந்த ஏரியலில் ஒரு முழம் வயரைச் சுற்றி, ஜன்னலைத் திறந்து, வயர் நுனியை வெளியே தொங்கவிட்டுப் பார். இரண்டும் சரிவராவிட்டால் பேட்டரியில் ஓட்டிப் பார். இந்தக் கடிதத்தோடு நான்கு பெரிய செல் கொடுத்தனுப்புகிறேன்.

வால்யூம் கரகரப்புக்குப் பயப்படாதே. உள்ளே தூசி. குமிழை முழுக்க அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பலமுறை திருப்பினால் கொஞ்சம் அடங்கும்.

தங்கை,
ஜிஜி

*

ஜூலை 15

என் ஜிஜிக்கு ஸ்தோத்திரம். சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன வருத்தம் வேண்டாம்.

நீ சொன்னபடி செய்யப் பார்த்தேன். பக்கத்து அறை பிளக்கில் போட்டுப் பார்க்க முடியவில்லை. அந்தக் கதவு என் பக்கத்திலிருந்து திறக்காது. சாப்பாடு வரும்போது திறக்கும், ஆனால் செட்டைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு நேரம் இருக்காது. ஜன்னலுக்குக் கண்ணாடி உண்டு, திறக்கிற கொண்டி இல்லை. கண்ணாடிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், வெயில் வராமல் இருக்க. செல் கிடைக்கவில்லை, கடிதம் மட்டும்தான் கிடைத்தது. ஒருவேளை வழியில் எங்காவது விழுந்திருக்கும்.

மற்றபடி ஒரு குறையும் இல்லை. நல்ல வீடு. குமிழைத் திருப்பித் திருப்பிக் கரகரப்பு குறைந்துவிட்டது. நீ கெட்டிக்காரி.

அக்கா

*

ஆரியசாலை,
ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

உன் கடிதம் வந்தது. நான் சொன்ன மூன்று வழியும் நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். கடிதத்தை நேற்றும் இன்றும் எத்தனையோ தடவை வாசித்தேன். அண்ணாச்சி ஒரு ஆம்பிளிஃபயரைக் கொடுத்து, அதில் இல்லாத பழுதை நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று திட்டினார்.

செட்டை நகர்த்த முடியாவிட்டால் செட்டைச் சுற்றி இருப்பதைப் பார்க்க வேண்டும். அதனால் சில விஷயம் கேட்கிறேன். அவசரம் இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் எழுது. அந்த அறைக்குள்ளேயே குளியலறை இருக்கிறதா? ஹீட்டர் இருந்தால் அதுவும் இரையும். நீ வெளி முற்றத்தில் இறங்கும்போது தண்ணீர் மோட்டர் சத்தம் கேட்கிறதா, அல்லது முற்றத்துக்கு இறங்குவதே இல்லையா? அப்பச்சனுடைய பிளக்கில் வேறென்ன மாட்டியிருக்கிறது? எந்தெந்த நிலையம் கேட்கிறது? பெயர் தெரியாவிட்டால் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று மட்டும் எழுது, போதும்.

உன் கால் எப்படி இருக்கிறது? மழைக்காலத்தில் உனக்குப் பித்தவெடிப்பு வருமே.

ஜிஜி

*

ஆரியசாலை,
ஆகஸ்ட் 8

அக்காவுக்கு ஸ்தோத்திரம். பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனும் வரவில்லை. ஏஜென்சி ஆபீஸுக்குப் போனேன். வாசலில் நின்றேன். “எந்தா மோளே?” என்று ரெம்யா சேச்சி இரண்டு தடவை கேட்டார். இந்தக் கவரை நீட்டிவிட்டு வந்துவிட்டேன்.

செட் என்ன ஆயிற்று என்று எழுது. ஒரு வரி போதும். நான் செட்டைப் பற்றித்தான் கேட்கிறேன்.

ஜிஜி

*

ஆகஸ்ட் 24

என் ஜிஜிக்கு அக்காவின் ஸ்தோத்திரம்.

சுகம். அப்பச்சனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, அதனால்தான் எழுதவில்லை. இப்போது இறங்கிவிட்டது. உன் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

குளியலறை உள்ளேயே இருக்கிறது. ஹீட்டர் இல்லை. முற்றம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கால் வெடிக்கவில்லை. வெடிக்க வழியில்லை.

அப்பச்சன் படுத்திருப்பது காற்று மெத்தையில், புண் வராமல் இருக்க. அதற்குக் காற்றடிக்கும் சின்னப் பம்பு அதே பிளக்கில்தான் இருக்கிறது. நீ கேட்ட பிறகு அதை நிறுத்திப் பார்த்தேன். இரைச்சல் அப்படியே நின்றுவிட்டது. அப்பச்சன் சிரித்தார், ஒரு பக்கத்து வாயால். இப்போது தினமும் காலை பதினொரு மணிக்கு அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, பம்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தி ரேடியோ கேட்கிறோம். அதற்கு மேல் நிறுத்தினால் மெத்தை இறங்கிவிடும்.

பம்பு நின்றால் நிலையங்கள் தெளிவாக வருகின்றன, ஒடிந்த ஏரியலிலேயே. முள் தொண்ணூற்று நாலு தாண்டி ஓரிடம், தொண்ணூற்றெட்டு தாண்டி ஓரிடம், நூற்றிரண்டைத் தொடும் முன் ஓரிடம். கடைசியாக நூற்று ஆறில் ஒருவர் பேசுகிறார். பாட்டு கிடையாது. எல்லா நேரமும் வருவதும் இல்லை. கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை சொல்வார், பிறகு ஜெபம். காதுக்குள் வந்து பேசுவதுபோல அவ்வளவு கிட்டத்தில் கேட்கும்.

உனக்கு உபயோகப்படுமா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதச் சொன்னாயே.

அக்கா

*

ஆரியசாலை,
ஆகஸ்ட் 26

அன்புள்ள அம்மாவுக்கு ஜிஜியின் ஸ்தோத்திரம். நான் சுகம். முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் இதைச் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். நிதானமாக வாசி.

அக்கா கண்ணூரில் இல்லை.

அவள் எழுதிய மூன்று எண்ணிலும் கடை ரேடியோவின் முள்ளை வைத்துப் பார்த்தேன். மூன்றும் நம் திருவனந்தபுரத்து நிலையங்கள், இந்த மூன்று எண்ணும் ஒன்றாக வருவது இங்கேதான். எஃப்.எம். அதிக தூரம் போகாது. கொல்லம் தாண்டினாலே தேயும். கண்ணூரில், அதுவும் ஒடிந்த ஏரியலில், தெளிவாகக் கேட்க வழியே இல்லை. அவளை எங்கேயோ இங்கேயே வைத்துக்கொண்டு, நாம் தேடிப் போகக்கூடாது என்று தூரத்து ஊர் சொல்லியிருக்கிறார்கள்.

அவளை வெளியே விடுவதில்லை அம்மா. கதவு வெளியிலிருந்து பூட்டு, ஜன்னல் திறக்காது, முற்றத்தை அவள் பார்த்ததே இல்லை. ரெம்யா சேச்சி கடிதங்களை வாசித்துவிட்டுத்தான் கொடுக்கிறார். அதனால்தான் அவள் சுகம், சுகம் என்று எழுதுகிறாள்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். போலீஸில் சொல்லலாமா என்று கேட்டேன். “ரேடியோ எரையுதுன்னு எழுதிக் குடுப்பியா பிள்ள? அவன் ஸ்டேஷன் ரேடியோவையும் சேத்து ரிப்பேர் பாத்துத் தரச் சொல்வான்” என்றார். பிறகு நூற்று ஆறைப் பற்றிச் சொன்னபோது கையிலிருந்த ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

நூற்று ஆறில் நிலையம் எதுவும் கிடையாது. அது கார்ட்லெஸ் மைக். அந்த மாதிரி மைக் ஒரு குட்டி நிலையம் மாதிரிதான், ஒரு தெரு நீளம் போகும். ரிப்பேருக்கு வரும் மைக்கை எல்லாம் அண்ணாச்சி நூற்று ஆறுக்கு மாற்றிவிடுவார், அங்கே பாட்டு வந்து குறுக்கிடாது என்று. கம்பெனி வைத்த இடத்திலேயே விட்டுவிடலாம்தான், ஆனாலும் மாற்றுவது அவருடைய பிடிவாதம். அதில் கடல் எச்சரிக்கையும் ஜெபமும் கேட்பதாக அக்கா எழுதியிருக்கிறாள்; கடற்கரைப் பக்கத்துக்கு நாங்கள் கொடுத்தது ஒரே ஒரு மைக்தான். மே மாதம், விழிஞ்ஞம் போகிற வழியில் ஒரு தேவாலயத்துக்கு. அக்கா அந்தத் தேவாலயத்தைச் சுற்றி ஏதோ ஒரு வீட்டில் இருக்கிறாள்.

நீ வா அம்மா. நீ வந்து பேசினால் நான் கூட நிற்கிறேன்.

ஜிஜி

*

பாறசாலை,
ஆகஸ்ட் 30

மகள் ஜிஜிக்கு அம்மா ரத்னாபாய் எழுதுவது. ஸ்தோத்திரம்.

உன் கடிதம் கண்டேன். ராத்திரி தூக்கம் இல்லை. ஆனாலும் நீ அவசரப்படாதே மக்களே. அவளுடைய பத்தாம் கிளாஸ் சான்றிதழும் நர்சிங் சான்றிதழும் ஏஜென்சியில் இருக்கிறது. நாம் போய்ச் சத்தம் போட்டால் அதைக் கிழித்துப் போடுவார்கள். பிறகு அவள் எந்த ஆஸ்பத்திரியிலும் வேலைக்குச் சேர முடியாது. ஒரு வருஷம் என்று சொல்லித்தானே போனாள், பொறுத்துக்கொள்ளட்டும். போனில் நன்றாகத்தானே பேசுகிறாள். வீடு எது என்றே தெரியாமல் எந்தக் கதவைத் தட்டுவது?

எனக்கு முழங்கால் மடங்கவில்லை. நான் ஜெபிக்கிறேன். நீ சின்னப் பெண். சும்மா இரு.

அம்மா

*

ஆரியசாலை,
செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். அம்மா சுகம். நானும் சுகம்.

இரைச்சல் பம்பில்தான் என்று நீயே கண்டுபிடித்தாய். சந்தோஷம். ஆனால் வால்யூம் கரகரப்பு திரும்ப வரும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன், அப்படியே செய். பதினேழாம் தேதி புதன்கிழமை, வழக்கம்போலப் பம்பை நிறுத்தும் நேரத்தில், முள்ளை நூற்று ஆறில் வை. அங்கே பாட்டு இல்லாததால் அப்பச்சன் காதுக்கு உறுத்தாது. செட்டின் ஸ்பீக்கர் பக்கம் ஜன்னல் கண்ணாடியை ஒட்டி இருக்கட்டும். வயர் எட்டும் என்று நினைக்கிறேன். ஏதாவது கேட்கத் தொடங்கியதும் குமிழை முழுக்க வலது பக்கம் திருப்பி அப்படியே விட்டுவிடு. தூசி விலகும்.

மறந்துவிடாதே அக்கா. பதில் வேண்டாம்.

ஜிஜி

*

ஆரியசாலை,
செப்டம்பர் 17

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

இந்தக் கடிதத்தை அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். அண்ணாச்சியின் மனைவி அவளோடு ரயிலில் வருவார்கள். நான் நாளைக்கு அண்ணாச்சியோடு ஏஜென்சிக்குப் போகிறேன், சான்றிதழுக்காக. அக்காவிடம் எதுவும் கேட்காதே. வந்ததிலிருந்து அப்பச்சனை இனி யார் திருப்பிப் படுக்கவைப்பார்கள் என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். அவளிடம் கேட்க வேண்டியதை எல்லாம் இதில் வாசித்துக்கொள்.

மைக்கை சர்வீஸ் செய்ய வந்திருப்பதாக, தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கப்பியாரிடம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதே மனப்பாடம் செய்துகொண்டேன். அங்கே போனதும் மறந்துவிட்டது. கடை பில் புத்தகத்தை நீட்டினேன். அவர் அதில் கடைப் பெயரைப் பார்த்துவிட்டு மைக்கை எடுத்துக் கொடுத்தார். தேவாலயத்து ஆம்பிளிஃபயரைப் போடவில்லை. போடாவிட்டால் நான் பேசுவது நூற்று ஆறில் செட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

பதினொரு மணிக்குப் பக்கத்துச் சந்தில் நடந்தேன். “மைக் டெஸ்டிங்” என்றேன். எனக்கே கேட்கவில்லை. வீடுகள் எல்லாம் பெரிய மதில் உள்ளவை. திரும்பி அடுத்த சந்துக்குப் போனேன். அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் என்னையே பார்த்தாள். “எடி, கையில மைக்க வச்சிட்டு காதுல ரகசியமா சொல்லுத? ஒறக்கெ பேசு” என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வகுப்பில் சிரித்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் பம்பை அதிக நேரம் நிறுத்த முடியாது அம்மா.

“ஷீனாக்கா, ஜிஜி வந்திருக்கேன்” என்றேன். சத்தமாகச் சொன்னேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அக்காவுக்குக் கடிதம் கிடைக்கவில்லை என்று நினைத்தேன். இன்னும் சில வீடுகள் தள்ளிப் போய் மறுபடியும் சொன்னேன். அப்போது என் குரல் வேறு ஓர் இடத்திலிருந்து எனக்கே கேட்டது. வலது பக்கம், மாடியில், வெள்ளைப் பெயிண்ட் அடித்த ஒரு ஜன்னல். நான் பேசினால் அதுவும் பேசியது. நிறுத்தினால் நிறுத்தியது. “ஷீனாக்கா” என்றேன். “ஷீனாக்கா” என்றது கண்ணாடி அதிர.

மதில் பக்கம் நெருங்கியதும் மைக் ஊளையிட ஆரம்பித்தது. மைக்கும் ஸ்பீக்கரும் கிட்டே வந்தால் அப்படித்தான். நிறுத்த சுவிட்ச் என் விரலுக்கு அடியில்தான் இருந்தது. நான் நிறுத்தவில்லை. கிட்டே போகப் போக அது பெரிதானது. நாய்கள் குரைத்தன. எதிர்வீட்டுக்காரர்கள், மீன்காரப் பெண்கள், கப்பியார் என்று சந்து முழுவதும் வந்துவிட்டார்கள். கடைசியில் அந்த வீட்டுக் கதவும் திறந்தது.

வந்தது கொச்சம்மாவாகத்தான் இருக்க வேண்டும். யார் நீ, இது என்ன சத்தம் என்று மலையாளத்தில் கேட்டார். நான் மைக்கை அணைத்துவிட்டு, என் அக்கா மாடியில் இருக்கிறாள் என்று சொன்னேன். மலையாளத்தில்தான் சொன்னேன். தப்பாக இருந்திருக்கும், யாரும் சிரிக்கவில்லை. இங்கே அப்படி யாரும் இல்லை என்றார். மீன்காரப் பெண் கூடையைக் கேட்டின் முன்னால் இறக்கி வைத்துவிட்டு, “அப்போ ரேடியோவா சேச்சி அங்க குடியிருக்குது?” என்று கேட்டாள். கொச்சம்மா எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, அவளுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, அவளையே கூப்பிடுகிறேன், அவளிடமே கேளுங்கள் என்றார்.

அக்கா இறங்கி வந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. கால் அதைவிட வெளுத்திருந்தது. கேட்டுக்கு உள்ளே, வாசல்படியில் நின்றாள். கொச்சம்மா அவளுக்குப் பின்னால் நின்றார்.

கப்பியார்தான் கேட்டார், இங்கே இருக்க உனக்கு விருப்பமா என்று.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “எனக்கு சுகந்தான் ஜிஜி. அப்பச்சனுக்குக் கஞ்சி குடுக்கிற நேரமாச்சு. நீ போ” என்றாள்.

கடிதத்தில் எழுதுகிற அதே சுகம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கப்பியார் கையை விரித்தார். கொச்சம்மா, கேட்டீர்களே என்பதுபோல நின்றார். வாசல் ஓரத்தில் அந்த வீட்டுச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அக்காவுடையது அதில் இல்லை.

நான் மைக்கைக் கப்பியார் கையில் கொடுத்தேன். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வாசல்படியில் என் செருப்பைக் கழற்றி, நுனி தெருவைப் பார்க்கத் திருப்பி, அக்காவின் காலடியில் வைத்தேன்.

ஜிஜி